வெட்டியெடுத்த பதினொரு பக்கம்

கங்காதரனுக்கு ஏற்ற வழிகாட்டிப் புத்தகம் தேடி மூன்று சனிக்கிழமை சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தேன். 1991ஆம் வருஷம். எங்கள் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி, புது மிஷினைப் பழகிவர அவனை இரண்டு மாதம் இத்தாலிக்கு அனுப்பியது. நாங்கள் இரண்டு பேரும் மண்ணூர்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவனுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஸ்டோர்ஸ் கிளார்க்கான எனக்குக் கொஞ்சம் சரளம். அதற்கே எனக்குத் தலைகால் புரியாது.

"டேய் எட்மண்டு, படம் போட்ட புக்கெல்லாம் வாணாம். நான் இன்னா டூரா போறேன்? கறி இல்லாத சோறு எங்க கெடைக்கும்னு போட்டிருக்கணும், அவ்ளோதான்" என்றான். பெண்ணுக்கு மூளைக்காய்ச்சல் கண்டபோது மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கவிச்சியை விட்டவன்.

பளபளப்பையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு தடிப்புத்தகம் பொறுக்கினேன். எந்தத் தெருவில் எந்த ஓட்டல், எதைக் கேட்டால் இறைச்சி கலக்காமல் தருவான், உடம்புக்கு வந்தால் எந்த நம்பர், எல்லாம் அதில் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் மனைவி ராணி பெட்டியில் பருப்புப்பொடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பந்தாவாகத் தலைப்புகளைத் தமிழில் சொன்னேன். "ஓட்டல். டிராம். நோய், விபத்து, சாவு..."

"ஐயோ, வாயக் கழுவுண்ணா!" என்று பதறினாள் ராணி. "ஊருக்குக் கெளம்பற மனுசன் பொட்டியில நோவு சாவுன்னு எழுதின காயிதத்த வெப்பாங்களா? அத்த எடுத்துடு."

கங்காதரன் சிரித்தான். "எடுத்துடுடா. இல்லாங்காட்டி ரெண்டு மாசமும் இவ தூங்க மாட்டா."

சகுனம் பார்க்காதே என்று ஞாயிறு தவறாமல் சர்ச்சில் சாமியார் சொல்லக் கேட்கிறவன் நான். எனக்கு எங்கே போச்சு புத்தி? நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு என்று ராணியிடம் பிளேடு வாங்கினேன். பதினொரு பக்கத்தை அறுத்து என் பையில் போட்டுக்கொண்டேன், பாவி.

ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. தெரிந்த நம்பர் ஃபேக்டரி நம்பர் ஒன்றுதான், ஃபேக்டரிக்கு லீவு. மறுநாள் கதவை உடைத்தபோது கட்டிலில் புத்தகம் விரித்தபடி கிடந்ததாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணா, மறைக்காம சொல்லு. நான் எடுக்கச் சொன்னேனே, அதுலதான் ஆஸ்பத்திரி நம்பர் இருந்துச்சா?"

ஆமாம் என்று சொன்னால் இவள் உயிரோடு இருக்கமாட்டாள்.

"இல்லம்மா. நம்பரே போடாத மட்டமான புக்கு அது. நான்தான் சரியா பாக்காம வாங்கிட்டேன்."

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். தூற்றியிருந்தால் தேவலை.

"இன்னொருத்தருக்கு வாங்கினா பாத்து வாங்கிக் குடுண்ணா" என்றாள். "அவங்க ஊட்லயும் புள்ளைங்க இருக்கும்."

"சரிம்மா" என்றேன்.