காணாமல் போனதற்குச் சிங்களச் சொல்

படத்துக்குக் கீழே எழுத்துப் போடுவது என் தொழில். தமிழைச் சிங்களமாக்குவேன், சிங்களத்தைத் தமிழாக்குவேன். இந்த நாட்டில் ஒருவருடைய படம் மற்றவருக்கு வெளிநாட்டுப் படம்தான். அதனால்தான் எனக்கும் உம்மாவுக்கும் வெள்ளவத்தையில் சோறு கிடைக்கிறது. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் சிங்களமுமாக வளர்ந்தவள் நான். இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்டபாடு என்ற கொழுப்பு போன மாதம் வரைக்கும் இருந்தது.

நுகேகொடைப் பக்கத்து டைரக்டர் ஒருவர், பிள்ளைகளைக் காணாமல் தேடும் தாய்மாரைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுத்திருந்தார். படம் முழுக்கத் தமிழ். அவருக்குத் தமிழ் ‘வணக்கம்’ தாண்டாது.

“எழுத்தே வேண்டாம், றிப்னா. இந்த அம்மாமாரின் முகம் போதும். எழுத்துப் போட்டால் சனம் எழுத்தைத்தான் பார்க்கும்” என்றார் சிங்களத்தில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முகத்தைப் பார்த்தால் கவலை என்று விளங்கும். என்ன கவலை என்று விளங்குமா? பாவம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். அவர்கள் பாவம் பார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள்” என்று நானும் சிங்களத்திலேயே ஏசினேன். பாவி மனுஷன் ஒத்துக்கொண்டார்.

படத்தில் கடைசியாக வருபவர் கொட்டாஞ்சேனை கனகேஸ்வரி அன்ரி. அவருடைய ஒரே மகன் லவன். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், வேலைக்குப் போகும் வழியில் யாரோ அவனை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் தெரியும். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அதிகாரிகள் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் அன்ரி திருப்பி அனுப்பினார். “கையெழுத்து வச்சா நானே பிள்ளையைச் சாக்காட்டின மாதிரி” என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

படம் முடியும் இடத்தில் அவர் கமராவைப் பார்த்து, “என்ட பிள்ளை காணாமப் போய்ப் பதினேழு வருசம்” என்பார். இரண்டு செக்கன். பிறகு திரை இருண்டுவிடும். காணாமல் போனதற்குச் சிங்களத்தில் ‘அதுருதஹன் வுணா’ என்று ஒரு சொல் இருக்கிறது. நீளமான, அரசாங்கக் கந்தோர்க் கடிதத்துச் சொல். இரண்டு செக்கனில் அதை யார் வாசிப்பது, எந்தத் தாய் அப்படிக் கதைப்பாள் என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். சாவி காணாமல் போனால் சிங்களத்தில் ‘நெதி வுணா’ என்போமே, அதைப் போட்டேன்.

சாவிக்கு அது காணாமல் போவது. மனிதருக்குச் சொன்னால் அது சாவு. செத்தவரைச் செத்தார் என்று சொல்லக் கூசும் சிங்களவர் சொல்லும் சொல் அது. எனக்குத் தெரியாததில்லை. ஆயிரம் தடவை கேட்ட சொல், அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் படத்தைக் காட்டினார்கள். அன்ரி கணவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாகேந்திரம் அங்கிள், அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்து, சிங்களச் சோதனை பாஸ் பண்ணி, பென்ஷன் எடுத்தவர். ஆறேழு வருடமாகக் காது அறவே கேட்காது. தமிழ்ப் படத்தைத் தமிழரான அவர் என் சிங்கள எழுத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பின்வரிசையில் இருந்த எனக்கு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் அன்ரியின் போன் கோல் வந்தது.

“றிப்னா, நீர் கீழ என்ன எழுதினனீர்?”

“ஏன் அன்ரி?”

“இவர் விடிய எழும்பிப் பிள்ளையின்ட படத்துக்குச் சந்தனப் பொட்டு வச்சு மாலை போட்டிருக்கிறார். அந்தியேட்டிக் கிரியை செய்ய ஐயரிட்ட நாள் கேக்கப் போறாராம். ஏனெண்டு கேட்டா, நீதானே நேற்று அவ்வளவு சனத்துக்கு முன்னால செத்துப்போனான் எண்டு சொன்னனீ எண்டுறார்.”

போனை வைத்துவிட்டுப் படத்தைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். ‘நெதி வுணா’ என்று நின்றது. த்ரீவீல் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

ஹோலில் லவனின் படம் மல்லிகை மாலையோடு இருந்தது. அங்கிள் முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசியிருந்தார். முகம் வீங்கியிருந்தாலும் மனிதர் பாரத்தை இறக்கி வைத்தாற்போல இருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். காது கேளாதவர் அல்லவா, கதை உரத்துத்தான் வரும்.

“உமக்குத்தான் பிள்ளை நன்றி சொல்லவேணும். பதினேழு வருசம் இவ என்னை அழ விடேல்ல. அழுதா அவன் செத்ததா ஆயிடுமெண்டு ஏசுவா. நேற்று அவவே சொல்லிட்டா. ராத்திரி முழுக்க அழுதனான்.”

அன்ரி இல்லை இல்லை என்று அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். “சபையில சொன்னதை இனி மாத்தாதை” என்று அங்கிள் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரோடு கதைப்பதற்கென்று வைத்திருந்த கொப்பியையும் பேனையையும் அன்ரி என்னிடம் நீட்டினார். “நான் எழுதினா நம்புறாரில்லை. நீர் செய்த வேலை. நீரே எழுதும்.”

எனக்குக் கை வரவில்லை. “அன்ரி, அங்கிளுக்கு இது ஒரு ஆறுதலா இரிக்கிதே. அவர் பாட்டுல இரிக்கட்டுமே” என்றேன்.

“அவருக்கு ஆறுதல். உயிரோட எங்கயும் கிடந்தா, என்ட பிள்ளைக்கு?”

கொப்பியை வாங்கினேன். சிங்களத்திலேயே எழுதினேன். அன்ரி சொன்னது அதுருதஹன் வுணா. நெதி வுணா என்று போட்டது நான். பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அங்கிள் இரண்டு தடவை வாசித்தார். அந்த நீளச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

“அப்ப இவவுக்கும் ஒண்டும் தெரியாதோ?”

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு கதிரையை இழுத்துப் படத்துக்குக் கீழே போட்டு ஏறினார். விழுந்துவிடுவார் என்று அன்ரி ஓடிப்போய்க் கதிரையைப் பிடித்துக்கொண்டார். அங்கிள் மாலையைக் கழற்றிக் கீழே கொடுத்தார். சந்தனம் காய்ந்திருந்தது. எச்சிலைத் தொட்டு, வேட்டித் தலைப்பால் மகனின் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

இறங்கி வந்தபோது அவருடைய வாய் கோணிக்கொண்டு போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளை ரீச்சரைக் கேட்பதுபோல மனைவியைப் பார்த்து, “இனி அழக்கூடாது, என்ன?” என்று கேட்டார்.

அன்ரி சேலைத் தலைப்பை எடுத்து அவருடைய கண் இரண்டையும் அழுத்தித் துடைத்துவிட்டார்.