பாஞ்சாலி அத்தையின் பூசண மல்லாட்டை

பாஞ்சாலி அத்தை பூசணம் பிடித்த மல்லாட்டைப் பயிற்றை, அதாவது வேர்க்கடலைப் பருப்பையெல்லாம், பொறுக்கித் தனியாக மூட்டை கட்டி வைத்திருந்தாள். அதற்குக் காரணமே அவளுடைய அண்ணன் மகள் கலைப்பிரியாதான்.

கலைப்பிரியா திண்டிவனத்தில் இருந்துகொண்டு, அறிவியலை எளிய தமிழில் சொல்லி வீடியோ போடுகிறவள். ஏரித் தண்ணீரைப் பற்றியும், திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்களைப் பற்றியும் வெயிலில் அலைந்து எடுத்தவற்றை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. மல்லாட்டைப் பூசண வீடியோ மட்டும் ஊர் ஊராக ஓடியது. அதுவும் முழுசாக இல்லை. யாரோ முன்பாதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். பூசணப் பயிற்றில் விஷம் இருக்கிறது, தின்னாதீர்கள், பொறுக்கி ஒதுக்குங்கள் என்பதோடு அது முடிந்துவிடும். ஒதுக்கியதை எண்ணெய் ஆட்டவும் கூடாது, குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும் என்பது பின்பாதி. இந்தப் பக்கத்தில் மல்லாட்டையை ஒதுக்கினால் அது செக்குக்குத்தான் போகும். நல்லது விதைக்கும் விற்பனைக்கும், சொத்தை எண்ணெய்க்கு.

அத்தையின் ஊரான பெருமுக்கல்லுக்கு வந்தவள், செக்குக்குப் போகக் காத்திருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"அத்த, அந்த விஷம் எண்ணெய்லயும் எறங்கும். காய்ச்சினாலும் போவாது. போவப்போவ ஈரலக் கெடுத்துடும். புண்ணாக்க மாடு தின்னா பால்லயும் வரும்."

"தின்னாதன்ன, தின்னல. ஒதுக்குன்ன, ஒதுக்கினேன். இப்ப ஆட்டவும் கூடாதா? அந்த வீடியோல நீ அதச் சொல்லலியே."

"சொன்னேன் அத்த. வெட்டிட்டாங்க."

"ஞாயித்துக்கெழம டீவில வர்றியாமே, அதுல சொல்லு. அப்ப பொதச்சிடறேன். வூட்டுப் பொண்ணு பேச்சக் கேட்டு மூட்டையப் பொதச்சா ஊரே சிரிக்கும்."

அது அத்தை போட்ட நிபந்தனை. கலைப்பிரியாவும் ஒப்புக்கொண்டாள்.

விழுப்புரத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த உள்ளூர் சேனல். பேட்டி எடுத்த பிரவீன்குமார், சமீபத்தில் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் மற்றதையெல்லாம் விட்டு நேராக மல்லாட்டைக்கு வந்தாள். எண்ணெய் என்று வாயெடுத்ததும் அவன் கையைத் தூக்கினான்.

"மேடம், கொஞ்சம் டிரையா போவுது. நம்ம ஆளுங்க சாப்ட்டுக்கினே பாக்கறவங்க. விஷம் கிஷம்னா சேனல மாத்திடுவாங்க. லீவுக்குப் பாக்கற மாதிரி நாலு படம், சீரிஸ் சொல்லுங்க. ஜல்தியா முடிச்சிடலாம்."

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காத ஒரு படம், துப்பறியும் டாக்டர் வருகிற ஒரு தொடர் என்று சொல்லிக்கொண்டே வந்த கலைப்பிரியாவுக்கு ஒன்று தோன்றியது. படக்கதையை மட்டும் வெட்டமாட்டார்கள்.

"இன்னொண்ணு. கொலைகாரன் வீட்டுக்குள்ளயே இருக்கான். சாப்பாட்டுத் தட்டுல இருந்து அவனைத் தூக்கிப் போட்டுடறாங்க. ஒழிஞ்சான்னு எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. அவன் எண்ணெய் டின்னுக்குள்ள போய் உக்காந்துக்கறான். கொதிக்க வச்சாலும் சாகமாட்டான். பேரு பூசணம்."

பிரவீன்குமார் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "செம மேடம். எந்த ஓடிடில?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அத்தையோடு உட்கார்ந்தே நிகழ்ச்சியைப் பார்த்தாள். மல்லாட்டைப் பேச்சை வெட்டிவிட்டிருந்தார்கள்; அவள் வேலைகளைப் பற்றிய பகுதி பிரவீன்குமாரின் ஒரு சிரிப்போடு கடந்து போயிற்று. எண்ணெய் டின் கதைக்குத் திகில் இசை சேர்த்து, பூசணம் என்ற பேரை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

விளம்பரம் வந்ததும் அத்தை எழுந்தாள். "மல்லாட்டன்ற பேச்சே வரலியே. நெசமாலுமே விஷம்னா டீவிக்காரன் சொல்லாம உடுவானா? சும்மா பயந்துக்கினு கெடந்தேன்."

"அத்த, அந்தக் கதையே அதான்."

"எது, அந்தப் பேய்க்கதையா?"

செக்குக்குப் போக ராஜாமணியின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. கலைப்பிரியா இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தாள். பிறகு போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திருடி."

அவள் எழவில்லை.

ராஜாமணி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அட, டீவில வந்தவங்க தானே? இப்பதான் டீக்கடைல பாத்துட்டு வர்றேன். அந்த எண்ணெய் டின் படம் தமிழ்ல இருக்குங்களா?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பு, கேமரா, தொண்டை வற்றப் பேசிய பேச்சு எல்லாம் கழிந்து, மிஞ்சியது இந்த உடம்பின் பாரம் மட்டும்தான் என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அவர்கள்மேல் காட்ட முடியவில்லை. இரண்டு கையாலும் மூட்டையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது பேஜாரு. நாளைக்கி வர்றேம்மா" என்று ராஜாமணி வண்டியைத் திருப்பினான்.

அத்தை தலையில் அடித்துக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. எதிரில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"நாளைக்கி நீ திண்டிவனம் போய்டுவ. இந்த ஊர்ல வூட்டுக்கு ஒரு மூட்ட இருக்குது. எது எதுமேல போய் உக்காருவ?"