கையை நம்பாத வண்டி

தங்கை கல்யாணமாகிப் போனபோது ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு போனாள். அவளுடையதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறு வருடம் அதன் பின்சீட்டில் உட்கார்ந்தே வேலைக்குப் போன அக்காவுக்கு, முன்னால் ஒரு முதுகு இல்லாமல் தெருவே அகலமாகிவிட்டதுபோல் இருந்தது.

அவள் பல் கட்டுகிறவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பற்களை வார்த்து, அராவி, மெருகேற்றும் கூடத்தில் வேலை. எத்தனையோ பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

நாற்பத்தோரு வயதில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். கல்லூரிக் காலத்தில் சித்தப்பா வண்டியில் பழகிய கை. விற்றவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

மறுநாளே வண்டி தன் குணத்தைக் காட்டியது. நெரிசலில் மெல்ல ஊரும்போது ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே முன்னால் பாய்ந்தது. விட்டால் மூக்கணாங்கயிற்றை இழுத்ததுபோல வெடுக்கென்று தயங்கியது. சிக்னலில் பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அது வண்டியா, குதிரையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மெக்கானிக், செயின் தொளதொளவென்று இருப்பதாகச் சொல்லி இறுக்கிக் கொடுத்தார். துள்ளல் நிற்கவில்லை. திரும்பப் போனபோது தானே ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

"வண்டி நல்லாத்தான் போகுது மேடம். உங்க கைதான் இன்னும் பழகல."

பல்லில் ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடும் கை அது. சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டாள்.

"பேசாம வித்துடுக்கா, உனக்கெதுக்கு இந்தத் தலைவலி? இங்க ஆளுங்க வந்திருக்காங்க, அப்புறம் கூப்பிடட்டுமா?"

அந்த அப்புறம் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை முற்றத்தில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டில்பாரைச் சும்மா இடது பக்கம் திருப்பினாள். ஆக்ஸிலேட்டரை யாரும் தொடவில்லை. இஞ்சின் மட்டும் உறுமியது. நேராக்கினால் அடங்கியது. அவள் எக்ஸ்ரேக்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஐயோ, மறந்தே போச்சும்மா" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுது. ஊர்ல உள்ள எலும்பையெல்லாம் படம் புடிச்சவன், கடைசில என் எலும்பையும் நானே படம் புடிச்சேன். அப்புறம் கை சரியா திரும்பல. அதனால ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுத்துக் கட்டிட்டேன், லேசா அசைச்சாலே போகட்டும்னு. எனக்கு அது பழகிப்போச்சு. உங்ககிட்ட சொல்லத் தோணல."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"கைப்பிடிக்குக் கீழ கேபிள்ல ஒரு நட்டு இருக்கும். அதைத் தளர்த்தி, பக்கத்துல இருக்கிற திருகை உள்ள தள்ளுங்க. இஞ்சின் சத்தம் மாறுறதுக்கு முன்னாடி கைப்பிடி ரெண்டு மூணு மில்லிமீட்டர் சும்மா ஆடணும். அவ்வளவுதான்."

விஷயம் அதோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் ஹாரன் இன்னும் கரகரக்கிறதா என்று கேட்டார். மழையில் கிளப்ப ஒரு வழி சொன்னார். அந்த வண்டியில் மனைவியோடு போன கடற்கரைகளைச் சொன்னார். மனைவி போய் நாலு வருடம் ஆகிறதாம். போனை வைத்தபோது நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. அந்த மாதத்தில் அவள் யாரோடும் அத்தனை நேரம் பேசியதில்லை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தளர்த்தினாள், திருகினாள், கைப்பிடியை அசைத்துப் பார்த்தாள். ஆட்டம் கூடிவிட்டது. அரைத் திருகு பின்னால். விரல் போதும் என்றதும் நட்டை இறுக்கினாள். இப்போது ஹாண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் இஞ்சின் ஒரே சீராக ஓடியது.

வெளியே எடுத்தாள். சந்தைத் தெருவின் நெரிசலில் ஆள் நடக்கும் வேகத்துக்கு வண்டி துள்ளாமல் ஊர்ந்தது. ஊர் எல்லைவரை போனாள். அங்கே இறங்கி நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தங்கையின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு விட்டாள். எக்ஸ்ரேக்காரரையே கூப்பிட்டாள்.

"சரியாயிடுச்சு சார்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா." குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "அப்ப… வேற ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

அவள் வண்டியைப் பார்த்தாள். அதில் இனி ஒரு குறையும் இல்லை.

"பின் பிரேக் லேசா கிறீச்சுங்குது சார்" என்றாள்.

"அது ஒரு பெரிய கதைம்மா" என்று அவர் ஆரம்பித்தார். அவள் மரத்தடி நிழலுக்கு நகர்ந்து, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.