மூன்றாவது ரீலுக்கு முன்னால்

சொல்ல வந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு இருபத்துநான்கு வருஷம் ஆனது என்றால், பாதிப் பழி என்னுடையது. மீதிப் பாதி, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் வீட்டு வராந்தாவில் சனிக்கிழமை தவறாமல் கூடும் கூட்டத்துடையது. அங்கே யாரும் யாரையும் ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க விட்டதில்லை.

கூட்டம் என்றால் நாலே பேர். வீட்டுக்காரர் ஓஸ்வால்ட், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பாமா டீச்சர், அதே பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவர். சீனிவாசராகவன் சார், விதான சௌதா தலைமைச் செயலகத்தில் அண்டர் செகரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர், எங்கள் ஆஸ்தான விமர்சகர். நான் சுந்தரம். அடுகோடிப் பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஃபிலிம் சொசைட்டி உயிரோடு இருந்த காலத்தில் புரொஜெக்டர் ஓட்டியவன். சொசைட்டியை எண்பத்திரண்டிலேயே மூடியாகிவிட்டது. வாயை மட்டும் யாரும் மூடவில்லை.

பேச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் எந்தத் தியேட்டரில், எந்த வருஷம், எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்று சொல்லியாக வேண்டும். டிவியில் பார்த்ததும் கேசட்டில் பார்த்ததும் சேராது. அளப்பவர்களை வடிகட்ட சீனிவாசராகவன் சார் கொண்டுவந்த ஏற்பாடு. கடைசியில் நடந்தது என்னவென்றால், கிரிகரி பெக்கின் ஒரு புருவத்துக்கு வந்து சேர்வதற்குள் அறுபத்தொன்றாம் வருஷத்து பிளாசா தியேட்டர் பால்கனி, அன்று சாப்பிட்ட கட்லெட், பக்கத்து சீட்டில் குறட்டை விட்ட போலீஸ்காரர் என்று எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். பொறுமையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நான் செய்த தப்பு இதுதான். எழுபத்துநாலு மே மாதம், ஒரு சர்ச் ஹாலில் படம் போட்டோம். பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன், அவன் மனைவி. எடுத்த டைரக்டரை ஹாலிவுட்டே மறந்திருக்கும். நாங்கள் அதைத் தீவுப் படம் என்றுதான் சொல்வோம். பதினாறு எம்.எம். பிரிண்ட், நாலு ரீல். எங்களுக்கு முன்னால் ஓட்டிய புண்ணியவான் இரண்டாவது ரீலை மூன்றாவது டப்பாவிலும், மூன்றாவதை இரண்டாவது டப்பாவிலும் போட்டு அனுப்பியிருந்தான். ரீலின் தொடக்கத்தில் வெற்று ஃபிலிமில் எண் எழுதியிருக்கும். அதைப் பார்த்து மாட்டுவது ஆபரேட்டரின் வேலை. நான் டப்பாவைப் பார்த்து மாட்டினேன்.

முதல் ரீல் முடிந்து, அடுத்த ரீலின் பாதியில் மனைவி காய்ச்சலில் செத்தாள். புதைத்தார்கள். கணவன் தனியாக உட்கார்ந்து அழுதான். அடுத்த ரீலில் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அவளே வந்து அவனுக்குக் காபி ஊற்றினாள். இருபத்தைந்து நிமிஷம் சிரித்தாள், சண்டை போட்டாள், துணி காயவைத்தாள். கடைசி ரீலில் அவன் கிழவனாகிப் படகில் ஏறிப் போய்விட்டான். ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். ஒருத்தர்கூட, இது என்னய்யா கூத்து என்று கேட்கவில்லை. அந்த வருஷம்தான் நாலைந்து ஐரோப்பியப் படங்கள் பார்த்திருந்தோம். புரியவில்லை என்று சொன்னால் மானம் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம்.

ரீலைத் திருப்பிச் சுற்றும்போதுதான் எண் என் கண்ணில் பட்டது. உடனே சொல்லிவிடலாம் என்று இறங்கிப் போனேன். சீனிவாசராகவன் சார் ஹால் மூலையில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் மனைவி ருக்கு மாமி இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து டப்பாக்களை மூடினேன்.

அடுத்த வாரமே எங்கள் சைக்ளோஸ்டைல் இதழில் அவர் கட்டுரை வந்தது. செத்தவள் திரும்பி வருகிறாள், டைரக்டர் ஏன் என்று சொல்லவில்லை, கணவனும் கேட்கவில்லை, கேட்காததுதான் இந்தப் படத்தின் பெருமை என்று எழுதியிருந்தார். கல்கத்தாப் பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் போட்டது. அதன் பிறகு அவரைப் பார்ப்பவர்கள் எல்லாம் அந்தக் கட்டுரையைத்தான் சொன்னார்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

இப்போது, தொண்ணூற்றெட்டு ஜூலையில், மூடிக்கொள்ள வழியில்லாமல் போய்விட்டது. வைட்ஃபீல்டில் புதிதாக வந்த ஒரு காலேஜில் பசங்கள் சினிமா சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரை எப்படியோ அவர்கள் கையில் கிடைத்திருக்கிறது. சார் வந்து பேச வேண்டும், பேச்சு முடிந்ததும் தீவுப் படம் போட வேண்டும் என்று பிரிண்டுக்கே சொல்லி வரவழைத்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் நிகழ்ச்சி. இருநூறு பேர் முன்னால் செத்தவள் திரும்பி வருவாள் என்று இவர் சொல்வார். அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவள் வரவில்லை என்று படமே சொல்லிவிடும். சிரித்தே கொன்றுவிடுவார்கள். புரொஜெக்டர் ஓட்டப்போவது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். சாரே சிபாரிசு செய்தார்.

மறுபடியும் ரீலை மாற்றிப் போட்டுவிட்டால் என்ன என்றும் யோசித்தேன், பொய் சொல்வானேன். ஆனால் முதல் தடவை செய்தால் தப்பு. இரண்டாவது தடவை செய்தால் அது மோசடி. அதனால் சனிக்கிழமை அந்த ஒரு வாக்கியத்தோடு வராந்தாவில் போய் உட்கார்ந்தேன்.

“சார், நாளைக்குப் போடற படத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“எங்க பாத்தே, எந்த வருஷம்?” என்றார் ஓஸ்வால்ட்.

“நான்தானே ஓட்டினேன். சர்ச் ஹால், எழுபத்துநாலு. மெஷின் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.”

“நின்னு பாத்தா சேருமா மேன்? பாமா, நீ சொல்லு.”

“ஏன் சேராது? ரெக்ஸ் தியேட்டர்ல ஹெப்பர்ன் படத்துக்கு நான் அரை மணி நேரம் நின்னேன்,” என்றார் பாமா டீச்சர்.

“எந்த ஹெப்பர்ன்?”

தொலைந்தது. ஆட்ரியா கேதரினா என்று ஆரம்பித்தார்கள். கேதரின் நடிப்பார், ஆட்ரி சும்மா நிற்பார் என்றார் ஓஸ்வால்ட். சும்மா நின்றே ஜனங்களை உட்கார வைக்க உங்களால் முடியுமா என்று கேட்டார் டீச்சர். அங்கிருந்து பெட்டி டேவிஸ் கண்ணுக்குப் போய், கேரி கிராண்ட் கோட்டுக்குப் போய், பெங்களூரில் அந்த மாதிரி கோட் தைத்த கமர்ஷியல் ஸ்ட்ரீட் தையல்காரர் வரைக்கும் போய்விட்டார்கள். முக்கால் மணி நேரம். காபி இரண்டாம் தடவை வந்தது. எனக்குத் தலை நரம்பு புடைத்தது.

“ஒரு நிமிஷம் நான் பேசலாமா?” என்றேன்.

“இரும்,” என்றார் சீனிவாசராகவன் சார். சட்டைப் பையிலிருந்து டைப் அடித்த காகிதத்தை எடுத்தார். “நாளைக்குப் பேச வேண்டியதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடறேன். ஹிட்ச்காக் பயமுறுத்துவார், ஜான் ஃபோர்ட் குதிரையை விரட்டுவார். இந்த மனுஷன் ஒருத்தர்தான் நம்மளை நம்பினார். நியூயார்க்ல இருந்த விமர்சகர்கள் இதைச் சாதாரணக் குடும்பக் கதைன்னு தள்ளிட்டா. கண்ணு இருந்தும் குருடர்கள். செத்தவ எழுந்து வராளே, அதுகூடவா ஒருத்தர் கண்ணுலயும் படலை?”

பாவம் அந்த நியூயார்க்காரர்கள். சரியான படத்தைப் பார்த்த குற்றத்துக்கு இருபத்துநாலு வருஷமாக இவரிடம் திட்டு வாங்குகிறார்கள்.

“சார், ஒருவேளை அவங்க சொன்னதே சரியா இருந்தா?”

“சும்னிரப்பா சுந்தரம்,” என்று கன்னடத்தில் என் வாயை அடைத்தார் சார். “அன்னிக்கு நீர் மெஷினைப் பாத்தீர். நான் படத்தைப் பாத்தேன்.”

சுருக்கென்றது. “மெஷினை ஒழுங்காப் பாத்திருந்தா இந்த வம்பே வந்திருக்காது சார்!” என்று கத்திவிட்டேன். “ரெண்டாவது ரீலும் மூணாவது ரீலும் மாறிப்போச்சு. டப்பாவைப் பாத்து மாட்டிட்டேன். அவ எழுந்து வரல. அது உயிரோட இருக்கும்போது ஊத்தின காபி. அவ செத்தது அதுக்கப்புறம்தான்.”

சொல்லி முடித்ததும்தான் எவ்வளவு கேவலமாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

“எனக்கு அன்னைக்கே டவுட் மேன்,” என்றார் ஓஸ்வால்ட்.

“உங்களுக்கா? வாசல்ல நின்னு மாஸ்டர்பீஸ், மாஸ்டர்பீஸ்னு கையைத் தட்டினது யாரு?” என்றார் டீச்சர். “என்னைக் கேட்டா மாத்திப் போட்டதுதான் நல்ல படம்.”

அதற்கும் ஒரு விவாதம் ஆரம்பமானது. பக்கத்தில் ஒரு மனுஷர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், இவர்கள் எது நல்ல படம் என்று அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரையும் ஓங்கி அறையலாம் போல இருந்தது. சார் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். “ஆயித்து, முடிஞ்சுது. நான் வரேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில்தான் அவர் நின்றார்.

“அப்போ செத்தப்புறம் அவ வரவே இல்லையா?” என்றார்.

“இல்ல சார்.”

“ஏன்யா அன்னிக்கே சொல்லலை?”

“நீங்க அழுதுட்டிருந்தீங்க சார்.”

“மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் சொல்லியிருக்கலாம். நாலு பேர் அந்தக் கட்டுரையைப் புகழறச்சே பக்கத்துல உக்காந்து பஜ்ஜி தின்னீரே, அப்போ சொல்லியிருக்கலாம்!” பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். “தினம் காலம்பற சமையலறைக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல கொஞ்சம் நின்னுட்டுத்தான் போறேன், தெரியுமோ உமக்கு? வரமாட்டான்னு நேக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தன் படமே எடுத்திருக்கானேன்னு நின்னேன்.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம். சினிமாவைப் போய் இப்படியா சார் நம்புவது என்று கோபமும் ஒரு பக்கம். பஸ் வந்தது, என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிறு மத்தியானம் கஞ்சி போட்ட சட்டையோடு காலேஜ் ஹாலில் வந்து நின்றார். காகிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் பேசினார். தன் கட்டுரை தப்பு என்றும், இரண்டு ரீல்கள் மாறி ஓடிய படத்தை வைத்து எழுதியது என்றும் சொன்னார். ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். ஆபரேட்டர் மாற்றியது ரீலை மட்டும்தான், படத்தை மாற்றிக்கொண்டது நான்தான், அப்போது எனக்கு அது தேவைப்பட்டது என்று சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரீலின் எண்ணைத்தான் பார்த்தேன்.

முதல் ரீல் ஓடியது. விளக்கைப் போட்டு இரண்டாவதை மாட்டினேன். சமையலறைக் கதவு திறந்தது, அவள் வந்து காபி ஊற்றினாள். யாரும் சாகவில்லை, யாரும் அழவில்லை. காலையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நியூயார்க்காரர்கள் சொன்னது சரி, சாதாரணக் குடும்பக் கதை. சார் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் உப்புக் குறைவு என்று புருஷனோடு சண்டை போட்ட இடத்தில் சின்னதாகச் சிரித்தார். கொடியில் துணியைப் போட்டுவிட்டு அவள் திரும்புகிறாள். அதோடு ரீல் முடிந்தது.

விளக்கைப் போட்டேன். மூன்றாவது டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது சார் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவ போறது இதுலதானே?”

“ஆமா சார். பாதியில வரும்.”

“இந்த நிமிஷம் உயிரோட இருக்கா, இல்லையா?”

எனக்குப் புரியவில்லை. பசங்கள் விசில் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கையில் ஃபிலிமை வைத்துக்கொண்டு, “இருக்கா சார். அதுக்கு என்ன இப்போ?” என்றேன், எரிச்சலாக.

“அப்போ நான் கிளம்பறேன்,” என்றார். “நான் கதவைத் தாண்டற வரைக்கும் மெஷினைப் போடாதீர்.”

வாசல் திரைக்குப் பக்கத்தில் இருந்தது. ஹால் நீளமானது, அவர் மெதுவாகத்தான் நடப்பார். கூச்சல் கூடிக்கொண்டே போனது, சங்கத்துச் செகரட்டரிப் பெண் ஓடி வந்து என்ன அங்கிள் ரிப்பேரா என்று கேட்டாள். நான் ஸ்விட்சில் கை வைத்தபடி, அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகும் வரை நின்றேன்.