மடைமுகத்துப் பானை

கீழ்வானம் செம்பொன்னை உருக்கி வார்த்தாற்போற் சிவந்து, அச்செம்மை ஆரணியாற்றின் மெலிந்த ஓட்டத்தில் அலைந்தலைந்து கரைய, கதிரறுத்த தாள்களில் தங்கிய பனித்துளிகள் முத்துப்பரல்களென ஒளிர்ந்த தை முதல்நாளில், ஆற்றின் வடகரையிலிருந்த கொன்றைமேடு என்னும் சிற்றூரின் ஏரிக்கரை, கரும்பும் மாவிலைத் தொங்கலும் புதுப்பானை வரிசையுமாகப் பொலிவுற்று விளங்கியது. வெள்ளையர் இந்நாட்டை விட்டகன்று ஆறாண்டுகள் கடந்திருந்தன. அவ்வூரின் பழவழக்கங்களோ ஓரடியும் அகன்றில.

அவ்வழக்கங்களுள் ஒன்றைக் கற்றறிந்தீர் கேட்பீராக. ஏரியின் எம்மடையில் எவர் பானை பொங்குகிறதோ, அவரே அவ்வாண்டு முழுவதும் அம்மடையைத் திறக்கவும், அதன் நீருண்ணும் நிலத்தை உழவும் உரியவர் என ஊர் ஒப்பும். சென்ற பங்குனியிற் கணவனை இழந்து, கண்ணீர் உலருமுன்னரே கலப்பையைப் பற்றி, ஒரு விளைச்சலைத் தன் கையாலேயே கண்டுவிட்ட குணசுந்தரி, புதுப்பானையை இடுப்பில் ஏந்தித் தன் மடைக்கு வந்தபோது, அங்கே அவள் கொழுந்தன் அப்பாவு தன் பானையோடு முன்னரே அமர்ந்திருந்தான்.

“இன்னா அண்ணி, ஊட்டுக்குப் போ. அண்ணன் பேர்ல நானே வெச்சிடறேன்” என்றான் அவன், சூழ நின்றோரை நோக்கிக் கண்சிமிட்டி. “நீ வந்து நின்னா பால் பொங்குமா? பயந்துகினு தயிராப் பூடும்!”

கரையெங்கும் நகைப்பொலி எழுந்தது.

“சேத்துல எறங்குன்னா இடுப்பு வலின்னே” என்றாள் குணசுந்தரி. “சோத்துப் பானைக்கு மட்டும் மொதல்ல ஓடியாந்துட்டியா?”

நகைப்பு இப்போது அப்பாவுவின்மேல் திரும்பவே, ஊர்த்தலைவர் தணிகாசலம் கைத்தடியை ஊன்றி முன்வந்தார். “வாயை அடக்கும்மா. பானைக்கு மஞ்சக்கொத்து கட்டணும். தாலியறுத்த கை மஞ்சளைத் தொடலாமா? ஒழவன் வெக்கிற பானை இது. பொம்பளைக்கு இங்க இன்னா வேலை?”

உழவன் என்னும் சொல்லுக்கு உழத்தி என்று பெண்பால் வகுத்த மொழியைப் பேசிக்கொண்டேதான் அவர் இவ்வாறு வினவினார். இலக்கணம் அறிந்ததை ஊர் அறியாதிருந்தது.

குணசுந்தரி தலை கவிழ்ந்திலள். வரிசையாய் நின்ற பானைகளின் கழுத்தை ஒவ்வொன்றாக நோக்கி, இறுதியில் தலைவருடைய பானையின்மேல் விழிகளை நிறுத்தினாள்.

“மாமா, உங்க பானையில கட்டிக்கினு இருக்கிற மஞ்ச எங்க வெளஞ்சது?”

அவர் பார்வை தம் பானையின் கழுத்துக்குத் தாழ்ந்தது.

“என் கொல்லையில. நேத்து ஊரே வந்து வாங்கிக்கினு போச்சே! ஆடியில நட்டதும் இந்தக் கைதான், தோண்டுனதும் இந்தக் கைதான். நான் தொட்டது ஆவாதுன்னா, எல்லாரும் அவுத்துப் போடுங்க. வெறும்பானையைப் பொங்கவுடுங்க. நானும் ஊட்டுக்குப் போயிடறேன்.”

தலைவரின் கை மஞ்சட்கொத்தை நோக்கி நீண்டது, அதற்குள் அவர் மனைவி சானகியம்மாள் பானையை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, “நல்ல நாளும் அதுவுமா அவுக்கறதாவது! கையை எடுங்க!” என்று சீறினாள். நீண்ட கை மடங்கியது.

“இன்னா மாமா, சும்மா நிக்கிறீங்க?” என்று அப்பாவு கூவினான். தணிகாசலம் ஏரியின் மறுகரையை ஆராய்பவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குணசுந்தரி, கொழுந்தனின் பானையைச் சிறிதும் சிந்தாமல் எடுத்து அப்பால் வைத்து, தன் பானையை அடுப்புக்கற்களின்மேல் ஏற்றி, தன் கையாலேயே மஞ்சள் கட்டி, வரட்டிக்குத் தீயிட்டாள். பால் நுரைத்தெழுந்து விளிம்பைக் கடந்து வழிந்தபோது, ஆடவர் ஒருவரும் வாழ்த்தொலி எழுப்பினாரல்லர். “பொங்கலோ பொங்கல்!” என்று அவளே முழங்கினாள். கரைக்குக் கீழே நின்ற நடவுக்காரி கங்கம்மா, “இன்னாடி வேடிக்கை? வாயில கொழுக்கட்டையா?” என்று தன் தோழியரைக் கடிந்து குலவையிட, அக்குலவை வயல்வெளியெங்கும் பரவியது.

பின்னர்ச் சேலையை முழங்கால்வரை செருகிக்கொண்டு நீரிலிறங்கிய குணசுந்தரி, மடைப்பலகையை ஒரே மூச்சில் உயர்த்தினாள். நவரைப் பருவ நெல் நடவுக்கென உழுதுவைத்த அவளது வயலை நோக்கி ஏரிநீர் பாய்ந்தது. அவளைத் தடுக்க ஒருவரும் அசைந்திலர்.

கொடுப்பாரை எதிர்நோக்கி நிற்பவர்க்கு உரிமை என்றும் நாளைக்குரிய பொருளே. ஞாயிறோ, எவர் கை ஏற்றிய பானை என வினவாது, அன்று அனைத்தின்மேலும் எழுந்து காய்ந்தது.