திகம்பரின் இடது கால்

1978 மார்ச் பதினான்காம் தேதி மாலை நாலே முக்காலுக்கு மடக்கிய இடது காலைத் திகம்பர் லோகண்டேயால் அதன்பிறகு தரையில் ஊன்ற முடியவில்லை. அன்று மகாராஷ்டிரத்தின் கராட் ஊர் ஆற்றங்கரைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கடைசி நாள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் எட்டுப் பேர் ஓட, திகம்பர் நொண்டியடித்துத் துரத்திக்கொண்டிருந்தான். யாரையாவது தொட்டால் இவன் காலை ஊன்றலாம், தொடப்பட்டவன் மடக்க வேண்டும். பாதியில் மணி அடித்தால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். மணி அடித்தது, மறுநாள் என்று ஒன்று இல்லை. எட்டுப் பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திகம்பரின் அப்பா முழங்காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தார், மிரஜ் நகரத்து டாக்டர் ஓர் எண்ணெய் எழுதிக் கொடுத்தார். பாதம் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. அந்த எட்டுப் பேரில் ஒருவனைத் தொட்டால்தான் அது இறங்கும் என்று ஊருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. எட்டுப் பேருக்கும் அது முதல் நாளே புரிந்துவிட்டது.

திகம்பர் சினிமாக் கொட்டகை வாசலில் ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கிழித்தான். கல்யாணத்தில் அக்கினி முன்னால் வைக்க வேண்டிய ஏழு அடியையும் நொண்டியே வைத்தான். பெண் வீட்டார் முணுமுணுத்தபோது, "ரெண்டு காலு இருக்கறவங்க மட்டும் என்னத்த கிழிச்சுட்டாங்களாம்?" என்று கேட்டு மணப்பெண் மந்தாகினியே அவர்கள் வாயை அடைத்தாள். தூங்கும்போதுகூட அந்தக் கால் நீளவில்லை. வலது முழங்கால் நாற்பது வயதில் தேய்ந்து, எண்பது வயதுக்காரன் கால் போல வீங்கியது.

ஆண்டுதோறும் தசராவுக்கு மறுநாள் பழைய மாணவர்கள் அதே மைதானத்தில் கூடினார்கள். மிசள் தின்று, பழைய வாத்தியார்களைத் திட்டி, கண் கலங்கி, கடைசியில் சுண்ணாம்பு வட்டம் போடுவார்கள். தொப்பையும் சர்க்கரை நோயுமாக எட்டுப் பேர் ஓடுவார்கள், திகம்பர் துரத்துவான். அவர்களுக்கு அது ஆட்டம், இவனுக்குக் கால். "விடமாட்டேங்கறான் பாருங்கடா நம்ம திகு! அப்பிடியே பத்தாங்கிளாஸ் பையன்!" என்று டிராக்டர் ஏஜெண்ட் பாஜிராவ் மூச்சிரைக்கச் சிரிப்பான். ஒருமுறை தேங்காயும் சால்வையும் வைத்துத் திகம்பரைக் கௌரவித்தார்கள், இரண்டையும் மூங்கில் கழி நுனியில் கட்டி நீட்டி. நாற்பத்தாறு வருஷத்தில் அவர்களில் ஒருவனும் அவன் கையைப் பிடித்ததில்லை.

அந்த எட்டுப் பேரில் அரவிந்த் சாளுங்கே ஒருவன்தான் பத்தடி தள்ளி உட்கார்ந்தாவது வாரம் ஒருமுறை பேசிவிட்டுப் போவான். ஒரு நாள் அவனாகவே சொன்னான்: "இப்ப புள்ளக்குட்டிக்காரன்டா நான். சாகறப்ப வந்து தொடு. அப்ப எனக்கு எதுக்குடா காலு?" அன்றிலிருந்து திகம்பர் விட்டல் கோயிலில் அரவிந்தின் நீண்ட ஆயுளுக்கு வேண்டிக்கொண்டான், அவன் இருமும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டான். இரண்டும் உண்மையான மனசோடுதான்.

அரவிந்துக்குக் கல்லீரல் போனது. சொல்லியனுப்பினார்கள். திகம்பர் ஆஸ்பத்திரியின் மூன்று மாடிப் படிகளையும் நொண்டியே ஏறி, வியர்வை சொட்டச் சொட்டக் கட்டிலருகே போய்க் கையை நீட்டினான். அரவிந்த் முஷ்டியை மடக்கி வாயில் வைத்தான்.

"டைம்ப்ளீஸ்டா, திகு."

முஷ்டியை வாயில் வைத்து அப்படிச் சொல்லிவிட்டால் ஆட்டம் எல்லோருக்குமே நின்றுவிடும். சொன்னவனே வாய் திறந்து விடுவிக்கும்வரை தொட்டாலும் செல்லாது. ஓர் ஆட்டத்தில் ஆளுக்கு ஒருமுறைதான். மற்ற ஏழு பேரும் தங்களுடையதைப் பள்ளியின் அந்தக் கடைசி நாளிலேயே, தண்ணீர் குடிக்கவும் டிராயரை இறுக்கவும் செலவழித்திருந்தார்கள். அரவிந்த் மட்டும் பத்திரமாக வைத்திருந்தான்.

"வாக்குக் குடுத்தியேடா, பாவி."

"குடுத்தேன். ஆனா நீ கால ஊனிட்டா நம்ம ஸ்கூலு முடிஞ்சிருமேடா. எம்புட்டு நல்லா இருந்துச்சு அந்த கிரவுண்டு! நான் போறப்ப அது இருக்கணும்டா."

விடுவிக்காமலே சாயங்காலம் செத்துப்போனான்.

சுடுகாட்டில் பாடையை இறக்கியதும் அரவிந்தின் மகள், "தொடுங்க, திகம்பர் காகா. அப்பா பண்ணது தப்பு" என்று துணியை விலக்கினாள். முஷ்டி வாயோடு இறுகியிருந்தது. திகம்பர் முதலில் விரலால் தொட்டான், பிறகு உள்ளங்கையால், பிறகு மேலே விழுந்து கட்டிக்கொண்டு அழுதான். கால் அசையவில்லை. சட்டப்படி அது சரிதான் என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

தள்ளி நின்றிருந்த ஏழு பேருக்கும் கணக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. இனி ஆட்டத்தை விடுவிக்க வாயில்லை. இனி திகம்பர் தொட்டால் எவன் காலும் மடங்காது. முதலில் பாஜிராவ் வந்து கட்டிக்கொண்டான், பின்னாலேயே மற்றவர்களும். அந்தத் தசராவுக்கு மறுநாள் திகம்பரை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெளிச்சம் சரியில்லை என்று படக்காரர் நாலைந்து முறை எடுத்தார். அவ்வளவு நேரமும் அவர்கள் அவனை இறுக்கித் தாங்கிப் பிடித்திருந்ததால், திகம்பரின் வலது காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.