எஸ்ஸவீராவில் மூன்று நாள்

மராகேஷ் போகும் பத்தேகால் பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது, அதுவும் பின் டயருக்கு மேலே. யம்னா அந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையில் நேற்று கடலில் நனைந்த பாவாடை இன்னும் ஈரமாகவே கிடந்தது. காயப்போட நேரமில்லை. காற்று மணலை வாரி வாரி முகத்தில் அடித்தது. இந்த ஊர்க் காற்றுக்கு நேரம் காலம் எதுவும் கிடையாது.

பக்கத்தில் லல்லா கெல்த்தூம் உட்கார்ந்திருந்தாள். யம்னா தங்கியிருந்த மாடி அறையின் சொந்தக்காரி. முந்தாநாள் சாயங்காலம்வரை யாரோ எவரோ. இன்று கீழே இருந்த தன் கடையைப் போட்டதுபோட்டபடி விட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள்.

"எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவே?"

"மராகேஷ்ல இறங்கி மாறணும். குரிப்கா போறதுக்குள்ள சாயங்காலம் ஆறு ஆயிடும்."

"அடக்கம்?"

"ஜும்மா தொழுகை முடிஞ்ச கையோட."

கெல்த்தூம் அவள் மடியில் விழுந்த மணலைத் தட்டிவிட்டாள். பிறகு, "வெள்ளிக்கிழமை மௌத்து எல்லாருக்கும் கிடைக்காது மகளே. கொடுத்து வெச்சவர் உங்கப்பா" என்றாள்.

"அவர் கொடுத்து வெச்சவர்தான். நான்தான் இல்ல."

யம்னாவுக்கு நாற்பத்தேழு வயது. அப்பா ஹம்மாதி பாஸ்பேட் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பென்ஷன் வாங்கிய இரண்டாம் மாதமே பக்கவாதத்தில் விழுந்தார். ஆறு வருஷமாகப் படுக்கை. இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, "போதும்." பசித்தாலும் போதும், வலித்தாலும் போதும், அவளைக் காணவில்லை என்றாலும் போதும். ராத்திரியில் மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆறு வருஷத்தில் அவள் ஒருநாள்கூட முழுசாகத் தூங்கியதில்லை.

போன வாரம் அண்ணன் மீலூத்தின் மனைவி லத்தீஃபாதான் முதலில் சொன்னாள். "உன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா? அடுத்த ஜனாஸா உன்னோடதா இருக்கும் போல. மூணு நாள் எங்கயாவது போயிட்டு வா. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" மீலூத் அறைக்குச் சொல்லிவைத்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான். புதன்கிழமை காலையில் அப்பாவிடம் சொன்னபோது அவர் "போதும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை அவள் கடலில் இறங்கினாள். துறைமுகத்தில் சுட்ட மத்தி மீனை நின்றபடியே கையால் பிய்த்துத் தின்றாள். கோட்டை மதிலில் வெயில் காய்ந்துகொண்டு, கடல்காகங்கள் சண்டை போடுவதை வேடிக்கை பார்த்தாள். பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை அப்பாவின் நினைப்பே வரவில்லை. சந்தோஷமாக இருந்தாள், சும்மா சொல்லக்கூடாது. அன்று படுத்தவள் மறுநாள் எட்டு மணிக்கு கெல்த்தூம் கதவை உடைக்காத குறையாகத் தட்டியபோதுதான் எழுந்தாள். போனில் ஒன்பது அழைப்புகள் தவறிப்போயிருந்தன.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, மெதுவா கிளம்பி வா" என்றான் மீலூத். போனில் யாரும் இதை நேராகச் சொல்ல மாட்டார்கள். யம்னாவும் எத்தனையோ பேருக்கு இதே பொய்யைச் சொன்னவள்தான்.

"அடக்கம் எத்தனை மணிக்கு அண்ணே?" என்று கேட்டாள். அவன் அழுதுவிட்டான்.

நாளைவரை வைக்க முடியாதா என்று கெஞ்சிப் பார்த்தாள். சுரங்கக் காலனி முழுக்கச் சொல்லியாயிற்று, ஜும்மா கூட்டம் மொத்தமும் தொழ வரும், சீக்கிரம் அனுப்புவதுதான் மரியாதை என்றான். "நீ வந்தாலும் குளிப்பாட்டுற எடத்துக்குள்ள விட மாட்டாங்க. கபர்க் குழிகிட்டயும் பொம்பளைங்க மூணாம் நாள்தான் வரலாம். அப்ப வந்து பாத்துக்க." அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

பஸ் கிளம்பக் கால் மணி இருக்கையில் மறுபடி போன் அடித்தது. மீலூத் ரகசியம் பேசுவதுபோலப் பேசினான். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"யம்னா, அப்பாவோட இடது கை... திறக்க மாட்டேங்குது. விரல் இடுக்குல தண்ணி போகணும்ங்கிறார் ஹாஜி பூஅஸ்ஸா. மூணு பேர் பிடிச்சு இழுத்துப் பாத்துட்டோம்."

"மூணு பேரா?" யம்னா எழுந்து நின்றுவிட்டாள். "விடுங்க அவர! யாரும் தொடாதீங்க! அது கையா, கதவா?"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

குளிப்பாட்டுகிற கிழவரின் குரல் கேட்டது. "யாருப்பா போன்ல? பொம்பளையா? இங்க எதுக்கு பொம்பளைக் குரல்?"

"ஹாஜி, ஆறு வருஷமா தினமும் அவரக் குளிப்பாட்டினது இந்தப் பொம்பளதான். நீங்க இன்னைக்கு ஒரு நாள் குளிப்பாட்டப் போறீங்க. ரெண்டு நிமிஷம் கேட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது."

கிழவர் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "சரி, சொல்லச் சொல்லு" என்றார்.

"அண்ணே, போன ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல்ல வை. நீதான் செய்யணும், வேற யாரும் வேணாம். வெந்நீர்ல துண்டை நனைச்சுப் பிழிஞ்சு கைமேல சுத்து. ஆறினா மாத்து. விரலப் பிடிச்சு இழுக்காத. மணிக்கட்ட உள்பக்கமா மடக்கு, மெதுவா. மடக்கினா விரல் தானா தளரும். அப்பறம் கட்டைவிரல அடியிலேருந்து விலக்கு."

"எனக்கு பயமா இருக்கு யம்னா. நான் இந்தக் கையத் தொட்டதே இல்ல."

"தெரியும். பேசிக்கிட்டே செய். பேசாம செஞ்சா அவர் திறக்க மாட்டார்."

"செத்தவர்கிட்ட என்னத்தப் பேச?"

"நான் தக்காளி என்ன விலைன்னு பேசுவேன். பக்கத்து வீட்டுக்காரி சண்டையப் பத்திப் பேசுவேன். உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு."

போனில் துண்டைப் பிழியும் சத்தம் கேட்டது. கண்டக்டர் "மராகேஷ்! மராகேஷ்!" என்று கத்திக்கொண்டு வந்தான். கெல்த்தூம் எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு அப்பாவக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கா. ஒரு நிமிஷம் பொறுத்தா உன் பஸ் கடல்ல விழுந்துடுமா?" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நின்றான்.

"அப்பா," என்றான் மீலூத். "நான் மீலூத். வெந்நீர் சுடுதா? ... அப்பா, அவள நான்தான் அனுப்பினேன். அவளாப் போகல. வேணாம் வேணாம்னுதான் சொன்னா. அவமேல கோவிச்சுக்காதீங்க. கோவம்னா என்மேல..." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

யம்னா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் அப்பாவிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. அவர் நன்றாக இருந்த காலத்திலும் கேட்டதில்லை.

"தளருது," என்றான் திடீரென்று. "யம்னா, தளருது! கட்டைவிரல் வந்துடுச்சு."

"அவசரப்படாத. ஒவ்வொண்ணா."

"உள்ள துணி சுருட்டி இருக்கு."

விரல் நகம் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்காமல் இருக்க வைக்கிற துணி அது. ஈரம் சேர்ந்தால் தோல் அழுகிவிடும். அதனால் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்ற வேண்டும். கிளம்பும்போது ஆறு துணிகளைத் துவைத்துச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டு, லத்தீஃபாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் வந்தாள். தலைமாட்டில் வைத்த ஆறும் வெள்ளை. புதன்கிழமை காலையில் அவளே கையில் வைத்தது மட்டும் நீலம்.

"என்ன நிறம்?" என்று கேட்டாள்.

"நீலம். ஏன்?"

கோட்டை மதிலுக்கு அப்பால் அலை மோதும் ஓசை அதுவரை அவள் காதில் விழவே இல்லை. இப்போது கேட்டது.

"யம்னா? இருக்கியா? எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான் பாத்துக்கிட்டோம். லத்தீஃபா ஒரு கொறையும் வைக்கல. சத்தியமா."

ஹாஜி பூஅஸ்ஸா தண்ணீர் கேட்டார். யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"தெரியும் அண்ணே," என்றாள் யம்னா. "நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. துணிய எடுத்துடு. உள்ளங்கையில புண் இருக்கும், அங்க மட்டும் தேய்க்காம கழுவச் சொல்லு."

போனை வைத்தாள். கண்டக்டர் அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்தான். கெல்த்தூம் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பஸ் நகரத் தொடங்கியதும் கூடவே நடந்து வந்து, ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தாள். பாதி ரொட்டியும் அவித்த முட்டை இரண்டும் இருந்தன.

ஊர் எல்லை தாண்டும்வரை யம்னா அதை மடியிலேயே வைத்திருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பசித்தது. ஒரு முட்டையை உரித்து, அதன் ஓட்டை அந்தக் காகிதத்திலேயே போட்டு மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.